51-ஆவது மீட்டர்

பள்ளிக்கூடத்துக்குள்ளும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி போட்டது. நல்ல விதிதான். சமோசா பட்ட பதற்றம் இவ்வளவுதான்: தள்ளுவண்டியோடு நகர்ந்து 51-ஆவது மீட்டரில் போய் நின்றுகொண்டது.

உள்ளே கேண்டீன் மட்டும் சளைத்ததா? பச்சை நிற பாக்கெட்டில் 'ராகி' என்று கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட் வந்திருக்கும். திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில். ராகி கடைசி பெஞ்சில். (எடை கூடியதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பதும் விதிதான். அதனால்தான் அந்தப் பக்கத்து எழுத்து எறும்பு சைஸ்.)

2025-இல் சிபிஎஸ்இ, எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை'யைப் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. குளிர்பானத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று பிள்ளைகள் இனி மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பிறந்தநாள் சாக்லேட் விநியோகமும் அதே பலகைக்குக் கீழேதான் நடக்கும்.

இதற்கெல்லாம் பதிலாக, கேண்டீனில் சுண்டல் போட என்ன தடை? லாபம் குறைவு, சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும், விளம்பரத்தில் நடிக்க நட்சத்திரம் கிடையாது. பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் கணக்கு மார்க்கை விசாரித்த கையோடு கேண்டீன் பட்டியலையும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.