லாக்கருக்குள்ளே ஓ.டி.பி.

(இடம்: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாடியில் எச்.ஆர். அறை. டீ பிரேக் முடிந்து ஐந்து நிமிடம் ஆகிறது. எச்.ஆர். மேலாளர் சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர், ஊருக்கு வந்து ஆறு மாதம். தையல் மாஸ்டர் கைமடிப் பையனாகத் தொழிலுக்கு வந்து, இன்று நான்கு லைன்களையும் கட்டி மேய்க்கிறவர். மேஜையில் எட்டுப் பக்கத்துக்குச் 'செல்போன் பயன்பாட்டுக் கொள்கை'. மின்விசிறிக் காற்றில் அது பறந்துவிடாமல் இருக்க, மேலே எச்.ஆரின் இரண்டு செல்போன்கள்.)

எச்.ஆர்.: வாங்க மாஸ்டர், உட்காருங்க. பாலிசி ரெடி. இது நாலாவது வெர்ஷன். கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. திங்கக்கிழமையிலிருந்து அமல்.

மாஸ்டர்: எட்டுப் பக்கம் இருக்குதுங்களே சார். நாப்பதாயிரம் பீஸ் ஆர்டருக்கே ரெண்டு பக்கந்தானுங்க வருது.

எச்.ஆர்.: பாரிஸ் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புறார். பாலிசி எங்கேன்னு கேட்டா எடுத்து நீட்டணும். சுருக்கமா சொல்றேன். விதி ஒண்ணு: காலையில கேட்டுலயே போனை லாக்கர்ல வெச்சுட்டு டோக்கன் வாங்கிக்கணும். சாயங்காலம் டோக்கனைக் குடுத்து போனை வாங்கிக்கணும்.

மாஸ்டர்: பழனிமலையில 2023 அக்டோபர்ல இருந்து இதேதானுங்க. அஞ்சு ரூபாயக் கட்டிப் போனைக் குடுத்துட்டுத்தான் சாமி பாக்கப் போகோணும்.

எச்.ஆர்.: பாத்தீங்களா! கோயிலுக்குள்ள செல்போன் ஆகாதுன்னு 2022 டிசம்பர்ல ஐகோர்ட்டே சொல்லியாச்சு. சாமியே ஒத்துக்கிட்டார், தொழிலாளி ஒத்துக்க மாட்டாரா?

மாஸ்டர்: முருகன் யாருகிட்டயும் ஓ.டி.பி. கேக்கறதில்லீங்களே சார்.

எச்.ஆர்.: என்ன ஓ.டி.பி.?

மாஸ்டர்: அப்பறமா அதுக்கு வருவமுங்க. நீங்க படிங்க.

எச்.ஆர்.: முதல்ல நஷ்டக் கணக்கைக் கேளுங்க. ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போன் பார்க்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. 300 பேர். 3,000 நிமிஷம். அதாவது தினமும் 50 மணி நேரம் உற்பத்தி போச்சு!

மாஸ்டர்: இந்த பாலிசிக்கு எத்தன மீட்டிங்குங்க போட்டீங்க?

எச்.ஆர்.: நாலு.

மாஸ்டர்: பன்னண்டு பேரு, ஆளுக்கு ரெண்டு மணி நேரம், நாலு வாட்டி. 96 மணி நேரமுங்க. அதுல பாதி நேரம் மெர்ச்சண்டைசருங்க எல்லாம் மேசைக்கடியில போனைத்தான் பாத்துட்டிருந்தாங்க. எனக்கு முட்டிவலிங்க, கீழ குனிஞ்சப்பப் பாத்தேன்.

எச்.ஆர்.: மாஸ்டர், இது நம்ம கம்பெனி மட்டும் சொல்றதில்ல. 2022 மார்ச்சுல ஐகோர்ட் மதுரைக் கிளையில நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் சொன்னாரு. ஆபீஸ் நேரத்துல அரசு ஊழியர் சொந்த விஷயத்துக்கு செல்போன் பேசக் கூடாது, அதுக்கு விதி போடுங்கன்னு அரசாங்கத்துக்கே உத்தரவு.

மாஸ்டர்: பேப்பர்ல நானும் படிச்சனுங்க. கூட வேலை செய்யறவங்கள வீடியோ எடுத்த கேசுங்க அது. சஸ்பெண்டு பண்ணுனது தப்புன்னு கோர்ட்டுக்குப் போயி, போன இடத்துல எல்லாருக்கும் சேத்து வாங்கிக் குடுத்துட்டாங்க. சரிதானுங்க. ஆனா அது மாசச் சம்பளக்காரங்களுக்குச் சொன்னது. நம்ம லைன்ல பாதிப் பேரு பீஸ் ரேட்டு. போனை நோண்டுனா யாரு காசுங்க போகுது? அவிங்க காசுதானுங்க. பீஸ் ரேட்டு அம்மிணிக்குப் புருசன் போன் பண்ணுனாக்கூட "வையி, அப்பறம் பேசறேன்"ங்கும். கம்பெனி மேல இருக்கற பாசமுங்களா?

எச்.ஆர்.: விதி ரெண்டு: விலக்கு. மேலாளர்கள், மெர்ச்சண்டைசர், கியூ.சி., அக்கவுண்ட்ஸ், மெயின்டனன்ஸ், ஸ்டோர், டிரைவர். இவங்களுக்கு மட்டும் போன் அனுமதி. பணியின் தன்மை கருதி.

மாஸ்டர்: அப்ப அனுமதி இல்லாதது தைக்கறவங்களுக்கும் கைமடிக்கும் மட்டுந்தானுங்களா?

எச்.ஆர்.: செக்கிங், அயர்னிங், பேக்கிங்கும் உண்டு. பாரபட்சமே கிடையாது.

(அவர் இதை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். எம்.பி.ஏ.வில் இதற்குத் தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.)

மாஸ்டர்: இப்ப ஓ.டி.பி.க்கு வர்றனுங்க. போன வியாழக்கெழமை மைக்குல கூப்புட்டது யாருங்க? "மூணாவது லைன் தொழிலாளர்கள் பி.எஃப். விவரம் சரிபார்க்க அவரவர் செல்போனுடன் எச்.ஆர். அறைக்கு வரவும்."

எச்.ஆர்.: அது கம்பெனி வேலை மாஸ்டர். ஆதார் நம்பரைப் போட்டா அவங்க போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும். அதை நான் என்ன பண்ண முடியும்?

மாஸ்டர்: வந்த கொஞ்ச நேரத்துல அது செத்துப் போயிருமுங்க. திங்கக்கெழமைக்கு அப்பறம்னா, ஒரு புள்ள மிஷினை நிறுத்திட்டு, கேட்டு வரைக்கும் நடந்து, டோக்கனைத் தேடிக் குடுத்து, போனை வாங்கி, ஆன் பண்ணி, மாடி ஏறி வர்றதுக்குள்ள நீங்க இன்னொருக்கா அனுப்போணும். இப்பவே மூணு தடவைக்கு மேல தட்டுனா பூட்டிக்குதுன்னு உங்க அசிஸ்டெண்டு அந்தப் புள்ளயத்தான் திட்டறாரு. இ.எஸ்.ஐ.க்கும் இதே கூத்து, பேங்குக் கணக்குக்கும் இதே கூத்து.

எச்.ஆர்.: சரி, 'எச்.ஆர். துறை கோரும் நேரங்களில் தவிர'ன்னு சேர்த்துடறேன். விதி மூணு: படம் எடுக்கத் தடை. அடுத்த சீசன் டிசைன் வெளியே போயிடக் கூடாது. லாக்கர்ல வைக்க மறந்தவங்க போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டணும்.

மாஸ்டர்: இன்னிக்குக் காலையில மட்டும் மெர்ச்சண்டைசர் அம்மிணி பதினோரு போட்டோ கேட்டாங்க. காலர் போட்டோ, கைப்பட்டி போட்டோ, லேபிள் நேரா இருக்குதான்னு ஒரு போட்டோ. ஸ்டிக்கரைப் பிக்கறதா, ஒட்டறதா?

எச்.ஆர்.: உங்களுக்கு விலக்கு உண்டு.

மாஸ்டர்: என்ற போன்ல வெளிச்சம் பத்தாதுங்க. பேட்லாக் தைக்கற ஒடிசாப் பையன் போன்ல எடுத்துத்தான் அனுப்பறது. கம்பெனியிலயே நல்ல கேமரா அவன்கிட்டத்தான் இருக்குது. எம்.டி. கண்காட்சி ஸ்டால்ல பெருசாப் போட்டு வெச்சிருந்தாரே, நீலக்கலர் டீசர்ட்டு, அது அவன் எடுத்ததுங்க.

எச்.ஆர்.: (எழுதிக்கொள்கிறார்) ஒடிசாப் பையன்... தற்காலிக விலக்கு...

மாஸ்டர்: அவன்கூட நான் பேசறதே போன்லதானுங்க. நான் தமிழ்ல சொன்னா அது ஒடியாவுல சொல்லுது. ஒருக்கா "காஜா போடு"ன்னு சொன்னேன். அது என்னத்தச் சொல்லுச்சோ தெரியல, ஸ்வீட் வாங்கிட்டு வந்து குடுத்தான். இருந்தாலும் அது இல்லாம நாலாவது லைன் ஓடாதுங்க. அங்க பேசத் தெரிஞ்ச ஒரே ஆளு அந்தப் போன்தான்.

எச்.ஆர்.: எல்லாத்துக்கும் ஒரு ஓட்டை சொல்றீங்க. அப்ப விதியே வேண்டாமா?

மாஸ்டர்: யாருங்க வேண்டாம்னது? ஓவர்லாக் மிஷினு நிமிசத்துக்கு அஞ்சாயிரம் தையல் போடுது. கண்ணு ஒரு நொடி அந்தப் பக்கம் போச்சுன்னா ஊசி நகத்துல ஏறி அந்தப் பக்கம் வந்துரும். கட்டிங் டேபிள்ல கத்தி ஓடறப்ப பாக்கெட்டுல போன் அடிச்சாலே ஒடம்பு தூக்கிப் போடுதுங்க. இரும்புக் கையுறை போட்டிருக்கறது ஒரு கையிலதான். அங்க நான் ஒரு விதி வெச்சிருக்கறனுங்க: மிஷின் ஓடுனா போன் தொடக்கூடாது, போன் எடுக்கோணும்னா மிஷினை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போ. இருவது வருசமா அதுதான். எட்டுப் பக்கத்துல அதக் காணமுங்களே?

(எச்.ஆர். பக்கங்களைப் புரட்டுகிறார். விரல் காயம் பற்றி எங்கும் இல்லை. 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் காயம்' என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது.)

எச்.ஆர்.: அதை இணைப்புல சேர்த்துக்கலாம். ஆனா பயம் இருந்தாதான் ஒழுங்கு வரும். விதி ஆறைப் பாருங்க: மீறினா 500 ரூபாய் அபராதம். சனிக்கிழமை சம்பளத்துல பிடித்தம்.

மாஸ்டர்: (சிரிக்கிறார்) 500ஆ?

எச்.ஆர்.: கம்மியா?

மாஸ்டர்: 1984ல பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்ல 127 நாள் ஸ்ட்ரைக்குங்க. நானு அப்ப கைமடிப் பையன். வேலை இல்ல, காசு இல்ல. பூட்டுன கேட்டுக்கு முன்னால ஒரு சங்கத்துக்காரரு உக்காந்து தெனமும் சட்டம் சொல்லிக் குடுப்பாரு. 1936ஆம் வருசச் சம்பளச் சட்டத்துல ஒரு விசயம் அவரு சொன்னது இன்னும் மறக்கல: அபராதம் அந்தந்தச் சம்பளத்துல நூத்துக்கு மூணு ரூபாய்க்கு மேல போகக் கூடாது.

எச்.ஆர்.: அதெல்லாம் பழைய சட்டம். இப்ப ஊதியச் சட்டத் தொகுப்பு வந்தாச்சு. 2025 நவம்பர் 21லிருந்து அமல்.

மாஸ்டர்: அதுலயும் மூணுதானுங்க. என்ற மருமகன் வக்கீலு, கேட்டுட்டுத்தான் வந்தேன். இங்க வாரச் சம்பளம். ஒரு அம்மிணி வாரம் 3,000 வாங்குதுன்னா நீங்க புடிக்கறது 90 ரூபா. அதுக்கும் முன்னால எந்தெந்தத் தப்புக்கு அபராதம்னு அரசாங்கத்துகிட்ட ஒப்புதல் வாங்கி போர்டுல ஒட்டோணும். ஏன் புடிக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ளய விளக்கம் கேக்கோணும். ரிஜிஸ்டர்ல எழுதோணும்.

எச்.ஆர்.: 90 ரூபாய்க்கு இவ்வளவு எழுத்து வேலையா?

மாஸ்டர்: அப்பறம் அந்தக் காசைக் கம்பெனி எடுத்துக்க முடியாதுங்க. தொழிலாளிங்க நன்மைக்குத்தான் செலவு பண்ணோணும். சேந்த காசுல சாப்பிடற எடத்துல ஒரு சார்ஜர் போர்டு வெச்சுக் குடுங்க. இருக்கற ஒரே பிளக்குக்கு அடிதடி நடக்குது.

எச்.ஆர்.: (ஆறாம் விதியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் இன்னொரு கோடு இழுத்து) அப்ப மெமோ. மூணு மெமோன்னா விசாரணை.

மாஸ்டர்: மெமோன்ன உடனே ஞாபகம் வருது. போன வாரம் எனக்கு ஒண்ணு குடுத்தீங்களே, அது எதுக்குங்க?

எச்.ஆர்.: கண்டெய்னர் விஷயமா குரூப்புல போட்ட மெசேஜுக்கு நீங்க பதில் போடல.

மாஸ்டர்: எத்தன மணிக்குப் போட்டீங்க?

எச்.ஆர்.: அது... ராத்திரி பத்தே முக்கால். அவசரம் மாஸ்டர். எம்.டி. போட்டதை நான் ஃபார்வேர்டு பண்ணேன்.

மாஸ்டர்: என்னை மொத்தம் ஒம்பது குரூப்புல போட்டிருக்கறீங்க. புரொடக்ஷன் குரூப்பு, கியூ.சி. குரூப்பு, டிஸ்பேட்ச் குரூப்பு. 'குடும்பம்'னு ஒரு குரூப்பு. அதுல எங்கூட்டு ஆளு யாரும் இல்லீங்க, எம்.டி.யும் நாமளுந்தான். விடியக்காலம் நாலரைக்கு அவரு பூப் படம் போட்டு வணக்கம் சொல்றாரு. அதுக்குக் கும்புடு போடலீன்னா லைனுக்கு வந்து "என்ன மாஸ்டர், ஒடம்பு சரியில்லையா?"ங்கறாரு. வேலை நேரத்துல சொந்தப் போன் கூடாதுங்கறீங்க, ஒத்துக்கறேன். சொந்த நேரத்துல வேலைப் போன் கூடாதுன்னு எத்தனாவது விதிங்க?

எச்.ஆர்.: அப்படி ஒரு விதி உலகத்துல எங்கேயும் இல்லை மாஸ்டர்.

மாஸ்டர்: பாரிஸ்ல இருக்குதாமுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பையர் மெயிலுக்குப் பதிலே போட மாட்டேங்கறாருன்னு மெர்ச்சண்டைசர் அம்மிணி தலையில அடிச்சுக்குது. கேட்டா, அங்க 2017ல இருந்து சட்டமே அப்படியாம். அம்பது பேருக்கு மேல இருக்கற கம்பெனி, வேலை முடிஞ்சா போனை அணைச்சு வெக்கற உரிமையப் பத்தித் தொழிலாளிங்களோட உக்காந்து பேசியே தீரோணுமாம்.

எச்.ஆர்.: அது பிரான்சு. பண்பாடு வேற.

மாஸ்டர்: ஆடிட்டுக்கு மட்டும் அந்தப் பண்பாடு நம்ம கேட்டு வரைக்கும் வருதுங்களே.

(இந்த இடத்தில் மேஜை மேல் ஒரு போன் நடுங்கியது. எச்.ஆர். திரையைப் பார்த்தார், எழுந்து நின்று பேசினார், உட்கார்ந்தார். நான்கு நிமிடம். பேச்சு முழுவதும் மருதமலைப் பக்கம் எம்.டி. பார்த்து வைத்த ஒரு மனையைப் பற்றியது. உற்பத்திக் கணக்கில் இதைச் சேர்ப்பார்களா என்று நமக்குத் தெரியாது.)

எச்.ஆர்.: எங்கே விட்டோம்? ஆங், கையெழுத்து.

மாஸ்டர்: கையெழுத்துக்கு மேல ஒரு கட்டம் காலியா உட்டிருக்கறீங்களே. 'அவசர அழைப்பு எண்'.

எச்.ஆர்.: அதுவா? போன் லாக்கர்ல இருக்கும்போது வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல், ஸ்கூல்ல இருந்து கூப்பிடறாங்கன்னா, அந்த எண்ணுக்குப் பேசலாம். நாங்க தொழிலாளிக்குத் தகவல் சொல்லிடுவோம். மனிதாபிமான அம்சம். ஆடிட்டருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாஸ்டர்: நல்ல விசயமுங்க. நம்பரு?

எச்.ஆர்.: ஆபீஸ் லேண்ட்லைன் போட்டுடலாம்.

மாஸ்டர்: ரோட்டுக்குக் குழி தோண்டறப்ப ஒயரு அறுந்ததுங்க. இப்ப அது விசிட்டிங் கார்டுல மட்டுந்தான் வேலை செய்யுது.

எச்.ஆர்.: வாட்ச்மேன் நம்பர்?

மாஸ்டர்: ரெண்டாவது விதியில வாட்ச்மேன் பேரு இல்லீங்க. அவரு போனும் லாக்கர்லதான். சாவி மட்டும் அவரு இடுப்புல.

எச்.ஆர்.: ரிசப்ஷன்?

மாஸ்டர்: அந்தப் புள்ளைக்கும் விலக்கு இல்லீங்க. விலக்கு இருக்கறவங்கள்ல நாள் முச்சூடும் ஒரே எடத்துல உக்காந்திருக்கறது ஒரே ஆளுதான். உங்க நம்பரையே போட்டுருங்க.

எச்.ஆர்.: என் நம்பரா? 300 குடும்பத்துக்கா? மாஸ்டர், எனக்கும் ஒரு சொந்த வாழ்க்கை இருக்கு. ராத்திரி பகல் பார்க்காம அடிச்சா?

மாஸ்டர்: ராத்திரி அடிக்க மாட்டாங்க சார். ராத்திரி அந்தப் புள்ளைங்க வீட்டுலதான இருக்கும்? ஓவர்டைம் போடாத நாளா இருந்தா.

எச்.ஆர்.: அந்தக் கட்டத்தை அஞ்சாவது வெர்ஷன்ல பார்த்துக்கலாம். நீங்க இதுல கையெழுத்து மட்டும் போடுங்க.

மாஸ்டர்: நம்பரை எழுதுங்க சார். எழுதுன உடனே போடறனுங்க.