'ஓகே' என்னும் ஈரெழுத்து மந்திரத்தின் மகாத்மியம்

பஞ்சாக்ஷரத்துக்கும் அஷ்டாக்ஷரத்துக்கும் வியாக்கியானங்கள் மலைபோல் குவிந்திருக்க, இன்று சந்தியாவந்தனத்தைக் காட்டிலும் சிரத்தையாக நாள்தோறும் ஜபிக்கப்படும் 'ஓகே' என்னும் ஈரெழுத்து மந்திரத்தை வித்வான்கள் சீந்தாதிருப்பது தகாதென்று கருதி, அதன் ஜன்மரகசியத்தை ஆராயப் புகுகின்றோம்.

முதலில் பூர்வபக்ஷம். அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துக்கூட்டத் தெரியாதவராகையால், 'ஆல் கரெக்ட்' என்பதைச் செவிக்குக் கேட்டபடி 'ஓ.கே.' எனச் சுருக்கித் தஸ்தாவேஜுகளிற் பொறித்தார் என்பர் ஒரு சாரார். இது எதிர்க்கட்சியார் கட்டிவிட்ட கதை. சோக்டா என்னும் ஆதிகுடியினரின் பாஷையிலிருந்து வந்ததென்பது மற்றொரு பக்ஷம். பின்னாளில் ஜனாதிபதியான வுட்ரோ வில்சன் இதை மெய்யென்றே நம்பி, அந்தப் பாஷைக்குரியதாகத் தாம் கொண்ட எழுத்துக்கூட்டலிலேயே காகிதங்களில் அங்கீகாரம் எழுதிவந்தார். படித்தவருடைய நம்பிக்கை எப்போதும் சற்று உறுதியானது.

இனி சித்தாந்தம். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழம் பத்திரிகைகளைத் துருவி, 1963, 1964-ஆம் வருஷங்களில் வெளியிட்ட முடிவின்படி, இச்சொல் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் 1839 மார்ச் 23 அன்று அச்சேறியது. சொற்றொடர்களைச் சுருக்கி எழுதும் பித்து அந்நகரப் பத்திராதிபர்களை அப்போது பிடித்து ஆட்டியது. சுருக்குவதோடு அமையாமல், முதலில் வேண்டுமென்றே பிழைபட எழுதிப் பின்பு சுருக்குவதே ரசிகத்தன்மை எனப்பட்டது. 'ஆல் ரைட்' என்பதை 'ஓ.டபிள்யூ.' என்றெழுதி விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் அது. அவ்வழியே வந்த 'ஓ.கே.'யில், 'எல்லாம் சரி' என்று பொருள்படுவதற்காக வைத்த எழுத்துக்கள் இரண்டுமே தப்பு!

உடன்பிறந்த சுருக்கங்கள் மாண்டொழிய இப்பிழை மட்டும் பிழைத்தது 1840-ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலால். கிண்டர்ஹூக் கிராமத்திற் பிறந்த மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று கொண்டாடிய ஆதரவாளர்கள், நியூயார்க்கில் 'ஓ.கே.' சங்கமே கண்டனர். அபேட்சகர் தோற்றார், சொல் ஜெயித்தது.

பிரயோகத்திலோ ஸ்வரமே பிரதானம். ஒருமுறை உரைத்தால் சம்மதம். 'ஓகே, ஓகே' என்று விரைந்து அடுக்கினால், 'போதும், நிறுத்தும்' என்பது தாத்பரியம். கச்சேரி எப்படி என்று வினவப்பட்டவர், உதட்டைப் பிதுக்கி, தலையை ஒருபுறம் சாய்த்து, 'ஓ...கே' என்று இழுப்பாராயின், அது பாகவதர் செவியிற் படாதிருத்தல் நலம்.