வாடகை தராத குடித்தனம்

வா மாப்ளே, உக்காரு. ஏசி ஒழுகுதுன்னு உங்கம்மா போன்ல சொன்னா. கட்டிலுக்கு நடுவுல குழம்புச் சட்டிய வச்சுட்டு நீயும் உம் பொண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரமா படுத்துக் கெடக்கீகளாமே. 40,000 ரூவா குடுத்து வாங்கி, ராத்திரி பூரா சட்டிக்குக் காவல். நல்லாத்தான்யா இருக்கு.

ஆனா அவசரப்பட்டு ஏதும் பண்ணிராத. உள்ள ஒரு குடித்தனம் நடக்குது, பாவம். மெக்கானிக் முன்மூடியக் கழட்டுறப்ப டார்ச் அடிச்சு எட்டிப் பாரு. தண்ணி விழுகிற ட்ரேயில, பழுப்பும் சாம்பலுமா கொழகொழன்னு ஒண்ணு உக்காந்திருக்கும். குச்சியால தொட்டா கூடவே இழுபடும். நனைஞ்ச சாக்கு வாடை அடிக்கும். வெயிலே படாத எடத்துல வளருறதால அது கொளத்துப் பாசி இல்ல. பாக்டீரியாவும் பூஞ்சக்காளானும் கூடி, தன்னைச் சுத்தி அந்தக் கொழகொழப்பக் கக்கி, அதுக்குள்ளயே குடியிருக்கு. இருட்டு, ஈரம், சொட்டு சொட்டா தண்ணி, எல்லாம் நீ குடுத்தது. சாப்பாடும் நீதான் போடுற. பில்டரக் கழுவாம விட்ட தூசி, ஒங்க ஒடம்புல உதிர்ற தோல், அடுப்படியில மீன் பொரிச்ச எண்ணெப் புகை. நான் பட்டணத்துக்கு வந்தா ஒரு ராத்திரி தங்க எடமில்லேன்னு லாட்ஜ் பாத்த. அதுக்கு மட்டும் மூணு வேளையும் கவனிப்பு.

ஏசின்னா குளுக்குற மிஷினுன்னுதானே நெனச்ச? 1902ல, அமெரிக்காவுல புரூக்ளின்ல ஒரு அச்சாபீசுக்காக வில்லிஸ் கேரியர்ங்கிற இஞ்சினீயர் அத வரைஞ்சு குடுத்ததே காத்துல இருக்கிற ஈரத்த அடக்கத்தான். ஈரத்துக்குக் காகிதம் நீண்டு சுருங்கி, ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா விழுகாமத் தகராறு பண்ணுச்சு. இன்னைக்கும் உம் மிஷினு அந்த வேலைய விடல. சில்லுன்னு இருக்கிற காயில்ல காத்து பட்டதும் ஈரம் தண்ணியா வடியும். எங்க உசிலம்பட்டிப் பக்கம் சித்திரையில காத்தே காஞ்சு கெடக்கும், சொட்டுறதும் கம்மி. ஒங்க மெட்ராசுக் கடக்காத்துல ஒன்றரை டன் மிஷினு மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டரு கூட எறக்கிரும். அம்புட்டும் வெரல் தண்டிக் குழாயில, பம்பு கிம்பு இல்லாம, சரிவ நம்பித்தான் வெளிய போகணும். அதுல கொழகொழப்பு ஒரு கட்டி போயி அடைச்சா, ட்ரே நெறஞ்சு சொவத்துல எறங்காம வேற எங்க போகும்?

போன தடவ வந்தவன் என்ன சொன்னான்? 'கேஸ் கொறஞ்சிருக்கு சார்'னு. நீயும் 'சார்'ங்கவும் குளுந்துபோயி எண்ணிக் குடுத்துட்ட. ஏன்யா, ரூம்பு சில்லுன்னு இருக்கு, தண்ணி மட்டும் ஒழுகுதுன்னா கேஸு எங்கய்யா கொறஞ்சுச்சு? குளிரு கொறஞ்சு, காயில்ல ஐஸு கட்டுனா அப்பக் கேளு. அதுலயும் பில்டர் அடைச்சிருக்கான்னு பாத்துட்டுக் கேளு.

செலவில்லாத வேலையச் சொல்றேன், செய்ய மாட்டேன்னு தெரியும். மொதல்ல எம்.சி.பி.ய எறக்கு. பில்டர உருவிக் குழாயடியில கழுவி நெழல்ல காயப்போடு. ஏசி ஓடுற காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அதக் கழுவுனாலே பாதிச் சனியன் ஒழிஞ்சிரும். பெறகு வெளிய தொங்குற குழாய் முனைக்குப் போ. வாய வச்சு ஊதிறாத, ஊதுனா எல்லாம் திரும்ப ட்ரேக்குத்தான் வரும். தண்ணி உறிஞ்சுற வேக்கம் கிளீனர் யார்ட்டயாச்சும் வாங்கி, முனையில துணியச் சுத்தி இழு. நீ ஊட்டி வளத்ததெல்லாம் வந்து விழும், பாத்துக்க. அதுக்கப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில பாதிக்குப் பாதி வினிகர் கலந்து ட்ரேயில ஒரு டம்ளர் விட்டு, அர மணி நேரம் கழிச்சு நல்ல தண்ணியா ஊத்து. ஊத்துனது வெளிய வருதான்னு பாரு. கொதிக்கக் கொதிக்க ஊத்துனா பிளாஸ்டிக் நெளிஞ்சிரும்.

வீடியோவப் பாத்துட்டு கக்கூசு கழுவுற ஆசிட்டத் தூக்கிட்டு வந்துறாத. காயில் தகடு அலுமினியம், அரிச்சிரும். பிளீச்சிங்கும் வேணாம். ஆசிட்டோ வினிகரோ அதோட சேந்துச்சுன்னா குளோரின் வாயு கெளம்பும், அப்பறம் கொழகொழப்பு நல்லாருக்கும், நீ இருக்க மாட்ட. வாடைக்கு சென்ட்டு அடிக்கிறது அதவிடக் கூத்து. ராத்திரி ஏசிய அமத்துறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் வெறும் பேன்ல ஓட விட்டா காயில் காயும், வாடையும் கொறையும்.

குழாய் முனைய வாளித் தண்ணிக்குள்ள முங்க விட்டிருக்கியாமே. காத்து அடைச்சு தண்ணி எப்படி எறங்கும்? ஒரு சாண் மேல தூக்கிக் கட்டு. வாளியையும் அன்னன்னைக்கே கொட்டிரு. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும், கார்ப்பரேஷன்காரவுக வந்து எட்டிப் பாத்தா உம் மூஞ்சியத்தான் பாப்பாக. துளசிக்கு ஊத்துறதுன்னா ஊத்து, வினிகர் விட்ட அன்னைக்கு மட்டும் வேணாம்.

இம்புட்டும் பண்ணியும் ஒழுகுச்சுன்னா ஏசிய மாட்டுனதே கோணலா இருக்கும், இல்ல சொவத்து ஓட்டை உள்பக்கமாச் சரிஞ்சிருக்கும். அப்ப ஆளக் கூப்புடு. கேஸ் மீட்டர எடுக்கு முன்னாடி ரசமட்டத்த வச்சுப் பாக்கச் சொல்லு. ரசமட்டம் கொண்டாரலைன்னு சொன்னான்னா, டீயக் குடுத்து அனுப்பி வச்சிரு.