யாழ்ப்பாணத்துக்குக் கீழே வன்னி

ஆனையிறவைத் தாண்டினால் காடு, காய்ச்சல், கரடி. வன்னியைப் பற்றி எங்கள் பழசுகள் வைத்திருந்த புவியியல் அவ்வளவுதான். வாத்தியாருக்கு அங்கே மாற்றம் வந்தால் வீடு செத்தவீடு. அந்த வன்னி இத்தனை நாளும் எங்கள் கட்டிலுக்குக் கீழேதான் படுத்துக் கிடந்திருக்கிறது.

நாங்கள் பெருமையோடு நிற்கிற சுண்ணாம்புக்கல் சின்னப் பொடியன். மயோசீன் காலக் கடல் விட்டுப்போன அடையல். வயது ஏறக்குறைய 2 கோடி வருஷம். கிணறு வெட்டினதும், 1950 இலிருந்து காங்கேசன்துறையில் சீமெந்துக்கு அரைத்ததும் இதைத்தான். அதற்கும் கீழே கிடக்கிற நைஸ் பாறையோ, கோண்டுவானாக் கண்டம் ஒட்டுப்பட்டபோது, ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன்பு, ஆழத்தில் வெந்து உருமாறியது. வேகும்போதே அது கிழட்டுக் கல். குடாநாட்டில் எங்கேயும் தலைகாட்டாது. பார்க்க ஆசையென்றால் வவுனியாப் பக்கம் போகவேண்டும். நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று வெளியூராருக்குப் புளுகுகிறோமே, அடி இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லத்தான் வெட்கம்.

அந்தப் பாறைக்கு முதல் வைத்த பெயர் இன்னும் பகிடி. தீவின் தாழ்நிலப் பாறைகளில் பெரும்பகுதியைப் புவிச்சரிதவியலாளர்கள் விஜயனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பங்கு 'மேற்கு விஜயன்'. ஆம், மகாவம்சத்து விஜயன்தான். குழப்படி தாங்காமல் பெற்ற தகப்பனே 700 தோழர்மாரோடு பாதித் தலையை மழித்துக் கப்பலேற்றின பிள்ளை. வேலிக்கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்கே மூன்று தலைமுறை கோடேறுகிற ஊரில், அத்திவாரத்துக்கே ஒருவன் உறுதி முடித்திருக்கிறான். ஒரு சட்டத்தரணிக்கும் தெரியவில்லை.

பிறகு சமதானி அளவீடுகள் வந்து, மேற்கும் கிழக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை என்றன. 1991 இல் குரோனர் என்ற ஜேர்மன்காரரும், குரே, விதானகே என்ற இரண்டு இலங்கையரும் காணியைப் பிரித்து, எங்கள் பக்கத்துக்கு 'வன்னித் தொகுதி' என்று பெயரிட்டார்கள். அதே வருஷம் மேலே ஆனையிறவில் பெரும் சண்டை. கீழே ஒரு துவக்கும் வெடிக்காமல் விஜயன் வடக்கைவிட்டு வெளியேறினான். இரண்டு பகுதியாரும் அறிக்கை விடவில்லை.

மட்டக்களப்பாருக்குத்தான் அந்த யோகம் இல்லை. கிழக்குப் பாறை இன்றைக்கும் விஜயன் பெயரில்தான் கிடக்கிறது.