சுவரில் ஒரு கடிகாரம்

கேள்வி: ஸ்பெயினின் சந்தியாகோ பாதயாத்திரை வழியில் சூரியக் கடிகாரங்களை எங்கே தேடுவது? அவை காட்டும் நேரத்தை நம்பலாமா?

பதில்: பழைய தேவாலயங்களின் தெற்குச் சுவரைப் பாருங்கள், வெயில் நாளெல்லாம் குடியிருக்கும் இடம் அதுதான். நேரத்தைத் தாராளமாக நம்பலாம், சூரியனுக்குப் பொய் சொல்லத் தெரியாது! ஆனால் அது கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது: 1940இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. கோடையில் இன்னொரு மணி கூடும். அதனால் சந்தியாகோவில் கைக்கடிகாரம் ஏறக்குறைய இரண்டரையைத் தொடும்போதுதான் சுவரில் உச்சிப்பொழுது.

கண்டதும் படமெடுத்து, ஊர், சுவரின் திசை, பார்த்த நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழற்கோல் உதிர்ந்து, துளையும் கீறல்களும் மட்டும் மிஞ்சியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அடுத்த பூச்சுவேலையில் முதலில் மறையக்கூடியவை அவைதான்.