சார்ட் பேப்பர் சார்

தாராவி 90 அடி சாலையில் ஒருவர் சுருட்டிய சார்ட் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தால், முறுக்கு சுற்றும் பெண்களுக்குத் தெரிந்துவிடும்: இன்று பயிலரங்கு. அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. தெருவுக்கு அவர் சார்ட் பேப்பர் சார்.

செம்பூர்வாசி. நிகழ்ச்சி நிரல் முந்தின இரவே தயாராகிவிடும். 10.00 வரவேற்பு. 10.07 கூச்சம் போக்கும் பந்து விளையாட்டு. 10.22 எதிர்பார்ப்புகள். 11.15 தேநீர். 11.25 தன்னிச்சையான கலந்துரையாடல். தன்னிச்சைக்கு மட்டும் பன்னிரண்டு நிமிடம்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் பத்து மணிக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள். அதற்காக நிரல் நிற்குமா? அந்த இரண்டு பேரையும் வட்டமாக உட்காரச் சொல்வார்.

கூட்டம் சேர்ந்ததும், "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணச் சொல்லிக் குழு பிரிப்பார். முன்பின் பழகாதவர்கள் கலக்க வேண்டுமாம். நடுவில் மூன்று பேரை விட்டு உட்கார்ந்தால் இருவரும் ஒரே குழு என்ற கணக்கு அக்காமாருக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது. 2004-இல் மறுசீரமைப்புத் திட்டம் வந்ததிலிருந்து கருத்துச் சொல்லிச் சொல்லியே தேறிய ஊர் இது. விளையாட்டுக்கு அவர் பந்தைப் பையிலிருந்து எடுக்குமுன்பே ஒரு பாட்டி கையை நீட்டிவிடுகிறாள்.

சுவரில் தனியாக ஒரு சார்ட் தொங்கும். தலைப்பு: 'பிறகு பேசலாம்'.

"2000 ஜனவரி 1-க்கு முன்னால கட்டுன கீழ்வீடுன்னா தாராவியிலயே இலவச வீடுங்காங்க. மாடியில குடியிருக்கவுக எங்க போவ, சார்?"

"அருமையான கேள்விக்கா! எல்லாரும் கை தட்டுங்க!"

கேள்வி மஞ்சள் சீட்டில் ஏறிச் சுவருக்குப் போய்விடும். அடுத்த கேள்விக்கும் கைதட்டல், அதற்கும் மஞ்சள் சீட்டு. மாலை நாலு மணிக்கு 'எதிர்பார்ப்புகள்' சார்ட்டில் பாதி வெள்ளை. 'பிறகு பேசலாம்' சார்ட்டிலோ ஒட்ட இடமில்லை.

சார் நெகிழ்ந்துபோவார். "இதுக்குன்னே தனியா ஒரு பயிலரங்கு போட்டுருவோம்!"

"போடுங்க சார்," என்றாள் அக்கா. "ஆனா அன்னைக்கு மொதல்ல இந்தச் சீட்டையெல்லாம் எடுங்க. பந்தை வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

"அருமையான ஆலோசனை!" என்ற சார், அதையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, 'பிறகு பேசலாம்' சார்ட்டின் ஓரத்தில் நெருக்கி ஒட்டினார்.