‘தள்ளி நில்’ எனும் நாய்வழக்கு: காசிமேடு முதல் எண்ணூர் வரை ஓர் ஆய்வு

வடசென்னையில் கேட்டவுடன் இடம் கிடைத்தவர் யாருமில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலுக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளே சான்று. ஆயினும் அந்த லாரிகளின் அடிநிழலில் படுத்திருக்கும் நாய் இன்றளவும் முறைப்படி விண்ணப்பித்தே இடம் கேட்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

விண்ணப்பம் குரைப்பில் தொடங்குகிறது என்பர் சிலர். பிழை. நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மூக்கை நக்கும், கொட்டாவி விடும். கொட்டாவிக்குத் தூக்கக் கலக்கம் என்று உரை காண்பவர் உளர். ஆய்வாளர் மீதான விமர்சனம் என்று கொள்வதே பொருந்தும் (நமக்கும் பழகியதுதான்). இவற்றை அமைதிக் குறிகள் என்று தொகுத்தவர் நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ். அதற்கும் நாம் நகராவிட்டால் கடைக்கண்ணில் வெள்ளை தெரியும், வாய் மூடும், உடல் விறைக்கும். விறைத்த உடலையும் நிமிர்ந்த வாலையும் சிலிர்த்த முடியையும் டார்வின் 1872-லேயே படம் போட்டுக் காட்டிவிட்டார்.

வாலாட்டினால் நட்பு என்பது ராயபுரம் டீக்கடைகளில் நிலைபெற்ற கோட்பாடு. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு இதைக் குலைத்தது: வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்புறம் கூடுதலாக ஆடுகிறது, பழகாத மிடுக்கான நாயைக் கண்டால் இடப்புறம். வலம் என்பது நாயின் வலம். எதிரே நிற்பவர் இதைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் லுங்கியின் ஒரு முனை நாயிடம் இருக்கும்.

உறுமல் இறுதி நோட்டீஸ். அதட்டி அடக்குபவர் நோட்டீஸைத்தான் கிழிக்கிறார். வழக்கு அப்படியே இருக்கிறது.

இத்தனைக்கும் எதிர்வாதமாக வைக்கப்படுவது வளர்ப்பவரின் வாக்குமூலம்: “ஒண்ணியும் பண்ணாதுபா, நீ வா.” இதன் முன்னால் ‘என்னை’ என்று சேர்த்துப் படித்தால் முழு உண்மை.

ஏடு புரட்டாமலே இந்த இயலில் தேர்ந்தவர்கள் காசிமேட்டு மீன்காரம்மாக்கள். நாயின் கண்ணைப் பார்ப்பதில்லை, நேரே நடந்து வருவதில்லை. இடுப்புக் கூடையோடு ஒருக்களித்து, சற்றே வளைந்து போய்விடுகிறார்கள். நாயும் தலையைக் கீழே போட்டுக்கொள்கிறது. ருகாஸ் அம்மையாரும் இந்த வளைநடையையே பரிந்துரைக்கிறார்.

நாய் கோரும் இடத்தின் அளவு நிலையானதன்று. முன்னால் ஒரு சங்கரா மீன் தலை கிடந்தால் விரியும். ஆகவே விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், மீன் தலைக்குத் தட்டுப்பாடு நிலவுமாதலால், அளவுநாடாவோடு எவரும் களப்பணிக்கு இறங்க வேண்டாம்.